ஆறு நல்ல ராணிகள்

மனித குலம் கண்ட சபைகளிலேயே உன்னதமானது எது என்று கேட்டால், டாலிகஞ்ச் ஸ்டூடியோ ஒன்றின் மாடியறையில் கூடிய ‘கதை மேம்பாட்டுக் குழு’ என்றே சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக வங்காளத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்த ஒரு ராஜா ராணிக் கதையின் குற்றங்குறைகளை, மூன்று தட்டுப் பொரியும் கத்தரிக்காய் பஜ்ஜியும் தீர்வதற்குள் அது களைந்துவிட்டது.

கதை எளிது. ஏழாவது ராணிக்குப் பிள்ளை பிறக்கிறது. பொறாமை பிடித்த மூத்த ராணிகள் ஆறு பேரும் அதை மண்பானையில் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். வறட்டி தட்டும் ஏழை ஒருத்தி எடுத்து வளர்க்கிறாள்.

அந்த ஏழையாக நடிக்கத்தான் ஷெஃபாலி ஹால்தார் வந்திருந்தாள். இருபத்தாறு வருடமாகப் படங்களில் தாம்பாளம் தூக்கியவள். திரையில் தாம்பாளம் தெரியும்; தூக்கிய கை தெரியும்; முகம் தெரிந்ததில்லை. இந்தப் படத்தில் அவளுக்கு ஒரு குளோசப் உண்டென்று டைரக்டர் நிலாத்ரி பக்ஷி காளி மேல் சத்தியம் செய்திருந்தார்.

தயாரிப்பாளர் பவதோஷ் சமாத்தார் தொண்டையைச் செருமினார்.

“மூத்த ராணியா நடிக்கிறவங்க டி.வி.யில தாய்மாருக்குப் புத்தி சொல்றாங்க. பிள்ளையை ஆத்துல விடமாட்டாங்களாம்.”

“ரெண்டாவது ராணி?” என்றார் நிலாத்ரி.

“எலெக்‌ஷன்ல நிக்கிறாங்க. மூணாவதுக்குக் குழந்தை சோப்பு விளம்பரம். மத்த மூணு பேரும், ‘அவங்க நல்லவங்கன்னா நாங்க மட்டும் என்ன இளிச்சவாயா’ங்கிறாங்க.”

“அப்ப மந்திரி விடட்டும், பவதோஷ் பாபு.”

“மந்திரியா! ஷூட்டிங் அனுமதியை உங்க மாமாவா தருவாரு?”

“பானை செஞ்ச குயவன்?”

“சங்கம் வச்சிருக்காங்க. ஊர்வலம் வந்துடும்.”

குழு பஜ்ஜி மென்றது. பிறகு சமாத்தார் கேட்டார்: “வறட்டி தட்டுறவங்களுக்குச் சங்கம் இருக்கா?”

“இல்ல.”

“டி.வி. நிகழ்ச்சி?”

“வீட்ல டி.வி.யே இருக்காது.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஷெஃபாலி முன்னால் வந்தாள். “நிலாத்ரி அண்ணா, பிள்ளையைக் காப்பாத்துறவளே நான்தானே?”

“அதை ராணிங்க பாத்துக்குவாங்க ஷெஃபாலி அக்கா. ஆறு பேரும் ஒண்ணா ஆத்துல குதிக்கிறாங்க. பாட்டு வேற இருக்கு.”

“நான் எதுக்குப் பச்சப்புள்ளைய ஆத்துல விடணும்?”

“பொறாமை.”

“யார் மேல?”

“எங்க எல்லார் மேலயும்தான்!” என்றார் சமாத்தார்.

“அப்ப என் குளோசப்?”

“அது அப்படியே இருக்கு. காளி மேல சத்தியம்னா சும்மாவா?” என்றார் நிலாத்ரி. ஷெஃபாலி சம்மதித்தாள்.

கடைசிக் காட்சி. நீதி வழுவாத ராஜா, வறட்டிக்காரியைக் குழியில் இறக்கி, கீழே முள்ளும் மேலே முள்ளும் போட்டு மூடச் சொல்கிறார். அந்தக் கொடியவளுக்காகவும் ராணிகள் ஆறு பேரும் ‘கருணையோடு’ கண்ணைத் துடைக்கிறார்கள், கிளிசரின் தாராளம். கேமரா குழிக்கு மேல் குனிந்தது.

“வசனம் ஒண்ணும் இல்லியா?” என்றாள் ஷெஃபாலி.

“வேணாம், சும்மா பாருங்க.”

பார்த்தாள். முழுசாக ஒரு நிமிஷம், இமைக்காமல்.

மறுவாரம் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற ஷெஃபாலி, முதன்முதலாகத் தன் முகத்தைத் திரை நிறையக் கண்டாள். சமாத்தார் நாற்காலியில் நெளிந்தார்.

“இதை வெட்டுங்க.”

“ஏன் பாபு? அருமையா வந்திருக்கே!”

“என்னய்யா அருமை! அந்தம்மா பாக்குற பார்வையில, பிள்ளையை ஆத்துல விட்டது நாமதான்னு ஊருக்கே தெரிஞ்சிடும்!”