சொல்தா இறங்க மறுத்த கோபுரம்

புதுச்சேரியில் டாக்டருக்கும் அடங்காமல், கட்டிய மனைவிக்கும் அடங்காமல் வாழ்ந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் தெரு சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய நிஜப் பெயர் போஸ்ட்மேனுக்கே தெரியாது. பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிற தைரியமும் தெருவில் எவனுக்கும் கிடையாது.

"முட்டி தேய்ந்துவிட்டது, இனி படியே ஏறக் கூடாது" என்றார் டாக்டர். மறுநாளே கீழ்வீட்டைக் காலி செய்துவிட்டு மாடிக்குக் குடிபோனார் மனிதர்.

அப்பேர்ப்பட்டவரை வேனில் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனது என் புத்திகெட்டதனம். "நீங்க பேசாம வேன்லயே குந்துங்க" என்று அவர் மனைவி சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் மலைப்படியில் இருந்தார்.

மலையை வளைத்து ஓடும் மதிலின் மேல் ஒரு கல் கோபுரம். மூச்சு வாங்க நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, இரண்டு தடியன்கள் அந்தக் கல்லில் பெயர் செதுக்கச் சாவியை எடுத்திருந்தார்கள்.

"அலே! எட்ரா கைய!"

சொல்தா பிரெஞ்சும் தமிழுமாகப் போட்ட சத்தத்தில் குரங்குகள் ஓடின. தடியன்கள் ஓடவில்லை.

"எவ்ளோ நேரம் இருப்ப பெருசு? நீ போனதும் எழுதிக்கிறோம்."

"அப்ப நான் போவல."

அவ்வளவுதான், கோபுர வாசலை மறித்து நின்றுவிட்டார். மத்தியானச் சாப்பாடும் நின்றபடியேதான். தடியன்கள் முறைத்து முறைத்துப் பார்த்துவிட்டு, "சரியான லூசு" என்று இறங்கிப் போனார்கள். இவர் அசையவில்லை. "திரும்பி வருவானுங்க" என்றார். சாயங்காலம் கோட்டைக் காவலாளி விசிலடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஐயா, கேட்டைப் பூட்டணும். எறங்குங்க."

"மாத்து ஆள் வராம காவல உட்டுட்டுப் போறதுக்கு நான் இன்னா வேடிக்கை பாக்க வந்தவனா?"

"நான்தான்யா இங்க காவலு!"

சொல்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மொதல்ல சட்டைப் பொத்தானப் போடு."

பாவம், போட்டார். தொப்பியையும் சரிசெய்துகொண்டார். "கோபுரம் ஒண்ணு. புதுசா கீறல் இல்ல. உங்கிட்ட ஒப்படைக்கிறேன்" என்று சொல்தா விறைப்பாக சல்யூட் அடித்தார். காவலாளியும் அடித்தார். அவருக்கு அதுவரை யாருமே சல்யூட் வைத்ததில்லை போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டார்.

அதற்கப்புறம்தான் வினை. சொல்தாவுக்கு முட்டி மடங்கவில்லை. என் முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். "நேரா நட!" என்று காதருகில் அதட்டல் வேறு. பாதி மலையில் குரல் இறங்கியது.

"தம்பி, பட்டாளத்துல நான் கடைசிவரைக்கும் குசினியிலதான் இருந்தேன். வெங்காயம் உரிச்சேன். ஒரு நாளாவது காவலுக்கு நிறுத்துங்கன்னு கெஞ்சினேன், நிறுத்தல. தெருவுல சொல்லிடாத."

சொல்லவில்லை. அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்று வாக்கு மீறித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அந்தக் கல்லில் ஒரு கீறல் விழவில்லை. கூடவே நின்று பார்த்தவன் நான். சமையல்காரர்தானே என்று சிரிக்க நினைக்கிறவன் எங்கள் தெருவுக்கு வரட்டும். அவர் வீட்டு வாசலில் நான் நிற்கிறேன்.