நாம் என்னும் சொல்

தென்மேற்கே, மலைக்கும் மலைக்கும் நடுவில், திருவுளநாதன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அந்த நாட்டில் எல்லாமே மன்னரின் திருவுளப்படிதான் நடந்தது. நடக்காதவையும் திருவுளப்படியே நடக்காமல் இருந்தன.

நாட்டின் மேற்கு மூலையில் மலைவாசிகளுக்கும் அரசாங்கத்துக்கும் நெடுநாளாகச் சண்டை. படை போய் உட்கார்ந்ததும் அந்த இடத்துக்கு ‘அமைதி வட்டம்’ என்று பெயர் சூட்டினார்கள். உண்மையிலேயே அமைதியாக இருந்த ஊர்களுக்கு அப்படிப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

அமைதி வட்டத்தில்தான் வேம்பன் இருந்தான். தேன் எடுப்பது அவன் தொழில். ஒருநாள் தேனடை குத்தும் மூங்கில் கழியைத் தோளில் சாத்திக்கொண்டு பாறையிலிருந்து இறங்கினான். தொலைவில் நின்ற படைக்கு அது துப்பாக்கியாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தபோது மூங்கிலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் வேம்பன் கலகக்காரனாகிவிட்டிருந்தான். இறந்தவன் அதை மறுக்கவும் இல்லை.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. குழியை மூடும்போது தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை விடுவார்கள். செத்தவருக்கு மிக நெருங்கியவர் அதன் பக்கத்தில் குனிந்து, அவரைக் கொன்றது எது என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டு ஒரு பிடி மண்ணால் அதை அடைக்கவேண்டும். அதற்குச் சொல்மண் என்று பெயர். காய்ச்சல் கொன்றது, கரடி கொன்றது என்று சொல்லலாம். மிருகமென்றால் இனம் போதும். மனிதனென்றால் பேர் வேண்டும். மனிதனுக்குத்தான் பேர் இருக்கிறதே. சொல்லாமல் மூடினால் செத்தவன் மண்ணுக்குள் காது கொடுத்துக் காத்துக் கிடப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை.

வேம்பனின் மனைவி செம்பாயிக்குப் பேர் தெரியவில்லை. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டையின்மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பேர் கேட்கத் தலைநகருக்கு நடந்தாள்.

நீதிமன்ற வாசலில் ஓர் அதிகாரி சட்டத்தை விளக்கினார். “அம்மணி, அமைதி வட்டத்தில் பணிபுரியும் வீரரை விசாரிக்க வேண்டுமானால் மன்னர் திருவுளம் பற்றவேண்டும்.”

“எப்ப பத்துவாரு?”

“அதையும் மன்னரே திருவுளம் பற்றவேண்டும்.”

செம்பாயி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “எம் புருசன எவன் கொன்னான்னு கேட்டுச் சொல்லுங்கய்யா” என்றாள். தலைநகரத்து மக்கள் நல்லவர்கள். சிலர் சோறு வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் கேள்வி காதில் ஒட்டிக்கொண்டது. சந்தையில் காய் வாங்குகிறவர்களும், “ஆமாம், எவன் கொன்றான்?” என்று பேச ஆரம்பித்தார்கள். மன்னருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இலக்கண அமைச்சர் நாவுக்கணியாரை அழைத்தார்.

“அரசே, குற்றம் வீரர்களிடம் இல்லை, வினைமுற்றில் இருக்கிறது” என்றார் நாவுக்கணியார். “‘கொன்றான்’ என்கிறோம். எழுவாயை ஒளித்துவைத்தாலும் கடைசியில் நிற்கும் ‘ஆன்’ காட்டிக்கொடுத்துவிடுகிறது. எவனோ ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துபோகிறது.”

“‘கொல்லப்பட்டான்’ என்று சொன்னால்?”

“யாரால் என்பார்கள். அந்த ‘ஆல்’ மிகவும் ஆபத்தான உருபு, அரசே.”

மறுநாளே பறையறைந்தார்கள். அமைதி வட்டத்தில் இனி ‘கொல்’ என்னும் வினையே கிடையாது. அங்கே மனிதர்கள் இறக்கலாம், அதற்குத் தடையில்லை.

இந்த ஆணையால் மலைவாசிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பாம்பு கொன்றது என்றுகூடச் சொல்லமுடியவில்லை. காய்ச்சலில் போன குழந்தையின் தலைமாட்டிலும் ஓட்டை திறந்தே கிடந்தது. படைவீரர்களுக்கு மட்டும் கை லேசாயிற்று. பெயரே இல்லாத ஒரு காரியத்தைச் செய்வதில் என்ன சிரமம்? குழிகள் பெருகின, கவிழ்த்து வைக்க ஊரில் சட்டி போதவில்லை.

செம்பாயி எழுந்து போவதாக இல்லை. ஏதாவது ஒரு விசாரணை நடத்தித் தொலைத்தால்தான் வாசல் காலியாகும் என்று முடிவாயிற்று. வீரரை விசாரிக்கத்தானே திருவுளம் வேண்டும்? குண்டை விசாரிக்க வேண்டாமே! குண்டின்மேல் வழக்குப் பதிந்தார்கள். குண்டு வேம்பனின் உடம்புக்குள் இருந்தபடியால் சாட்சியாகத் துப்பாக்கியை வரவழைத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு, அதற்கு உரிய வீரன் முத்திருளன் வந்து கூண்டருகே நின்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருக்க வந்தவன், அவ்வளவுதான்.

நீதிபதி தீர்ப்பு வாசித்தார். “குண்டு குற்றவாளியே. ஆயினும் அது ஏற்கெனவே மண்ணுக்கடியில் தனிமையில் அடைபட்டிருப்பதால் வேறு தண்டனை அவசியமில்லை.”

“சாமி, குண்டு தானாவா கெளம்புச்சு?” என்றாள் செம்பாயி.

“பாருங்கள், கிளம்பியது என்று இந்த அம்மாளே சொல்கிறார். யாரோ கிளப்பியதாகச் சொல்லவில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.”

செம்பாயி தரையில் அறைந்துகொண்டு அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. கல்லாக நிற்கப் பழக்கப்பட்ட முத்திருளன் கூண்டருகே நெளிந்தான். பிறகு துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு, “ஐயா, நாந்தான் சுட்டேன்” என்றான்.

நீதிபதி அவசரமாக எழுந்து, சட்டத்தில் இப்படியொரு சூழ்நிலைக்கு இடமில்லை என்று சபையைக் கலைத்தார்.

அரண்மனைக்கு மறுபடியும் நாவுக்கணியார் ஓடினார். “பெரும் பிழை நேர்ந்துவிட்டது, அரசே. ‘ஆன்’ விகுதியைக் கவனித்தோம். ‘ஏன்’ விகுதியை விட்டுவிட்டோம். ஒருவன் தானாகவே ‘சுட்டேன்’ என்பான் என்று எந்த இலக்கணமும் எதிர்பார்க்கவில்லை.”

“இப்போது என்ன செய்வது?”

“படைவீரனுக்கு ‘நான்’ இல்லை என்று ஆணையிடுவோம். அவன் ‘நாம்’ என்றே சொல்லட்டும்.”

“அது மன்னராகிய நம்முடைய சொல்லாயிற்றே” என்றார் மன்னர், சற்று வருத்தத்துடன். “‘நாங்கள்’ என்று சொல்லட்டுமே?”

“கூடாது அரசே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். வெளியே நிற்பவர்தான் கேள்வி கேட்கிறார். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். அப்புறம் யார்மேல் யார் வழக்குப் போடுவது?”

மன்னர் அவருக்கு முத்துமாலை போட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும் ‘கொல்’ வினைக்கு ஒருநாள் விலக்கும் அளித்தார். முத்திருளனை மலைக்கு அழைத்துப்போய், அவள் கேட்ட வாக்கியத்தைச் சட்டப்படி சொல்லவைத்து, விவகாரத்தை முடிக்கும்படி ஒரு படைத்தலைவருக்கு உத்தரவாயிற்று.

மலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஊர் கூடியிருந்தது. செம்பாயி சட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். முத்திருளன் ஓட்டையருகே மண்டியிட்டான். படைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

“வேம்பனை நாம் கொன்றோம்” என்றான் முத்திருளன்.

கையில் மண்ணோடு குனிந்த செம்பாயி அப்படியே நின்றாள்.

“நாமுன்னா? நானும் சேத்தியா?”

அவன் படைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தான்.

“சொல்லுய்யா. எம் புருசன நானுமா கொன்னேன்? இந்தா நிக்குறாளே அவன் ஆத்தாக்காரி, அவளுமா கொன்னா?”

“சட்டம் அப்படித்தாங்க்கா சொல்லச் சொல்லுது.”

“சட்டத்தையா பொதச்சிருக்கேன்?”

படைத்தலைவர் குறுக்கிட்டார். “அம்மணி, வாக்கியம் இலக்கண சுத்தமாக இருக்கிறது. எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. மண்ணைப் போடுங்கள்.”

அவள் போடவில்லை. கைமண் தூறலில் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. முத்திருளன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இன்னும் குனிந்து, ஓட்டையில் வாயை வைத்தாற்போல் சொன்னான்.

“வேம்பண்ணே, நாந்தான் கொன்னேன். எம் பேரு முத்திருளன். கழின்னு சுட்டப்புறந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல.”

செம்பாயி புதிதாக ஒரு பிடி மண்ணை அள்ளினாள். “வேம்பன முத்திருளன் கொன்னான்” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி, ஓட்டையை அடைத்து, உள்ளங்கையால் அமுக்கினாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. மண்ணப் போட்டுட்டேன், அம்புட்டுதான்.”

அங்கேயே முத்திருளனின் கையில் விலங்கு மாட்டினார்கள். தடைசெய்யப்பட்ட ‘நான்’ என்னும் சொல்லை அமைதி வட்டத்தில் பயன்படுத்திய குற்றத்துக்காக அவனுக்கு ஆயுள் சிறை கிடைத்தது. அண்டை நாட்டுத் தூதர்கள் வந்தபோது, “வேம்பன் விவகாரத்தில் ஒரு வீரனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்திருக்கிறோம். சட்டத்தின் முன் எம் நாட்டில் எல்லோரும் சமம்” என்று மன்னர் சொன்னார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தூதர்கள் வியந்து பாராட்டிவிட்டு, வழக்கம்போல் துப்பாக்கி விற்றுவிட்டுப் போனார்கள்.

மலையில் மற்றக் குழிகள் திறந்தே இருக்கின்றன. இன்னொரு முத்திருளன் வந்துவிடக்கூடாது என்று படைக்கு ஆள் எடுக்கும் முறையையும் மாற்றிவிட்டார்கள். சேர வருகிறவன் முகாம் கதவைத் தட்டவேண்டும். உள்ளேயிருந்து “யாரது?” என்று கேட்பார்கள். “நான்தான்” என்கிறவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேசாமல் நிற்கிறவனைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இப்போதும் அமைதி வட்டத்தில் வீட்டுக் கதவுகள் தட்டப்படுகின்றன. உள்ளே இருப்பவர்கள் “யாரது?” என்று கேட்கிறார்கள். பதில் வருவதில்லை. வந்திருப்பது யார் என்று அதிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.