நட்சத்திரத்துக்குக் காந்தம் கொடுத்த நானா

உடன்பிறந்தவரின் படிப்பைத் தாமே ஊருக்கு விளக்கிக்கொண்டு திரியும் மூத்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். கண்டியில் அந்த இனத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தால், போட்டியின்றி வெல்லக்கூடியவர் மூக்குக்கண்ணாடிக் கடை பாரூக் நானா. பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் எதிலும் படு துல்லியம்.

கடைக்கு வந்தவரை உட்காரவைத்து, கண்கூச்சம் தடுக்கும் வெயில் கண்ணாடி இரண்டை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்து, மெல்லத் திருப்பி, முழுதாக இருண்டதும், "பாத்தீங்களா? ஒளி அதிர்றதுக்கும் ஒரு திசை ஈக்கி. அத அளந்துதான் எங்கட தங்கச்சி பேராதனை கெம்பஸ்ல பெரிய நட்சத்திரங்களச் சுத்தி ஈக்கிற காந்தத்தப் புடிக்கிறா" என்று தொடங்கி, நட்சத்திரம் ஊதும் காற்றைக் காந்தம் பிடித்துவைப்பதும், அதில் பட்டுச் சிதறும் ஒளி ஒரே பக்கமாக அதிர்வதுமாக, அடுத்தவர் வரும்வரை போவார். வந்தவருக்கு வேண்டியது பத்திரிகை வாசிக்க ஒரு கண்ணாடி. யார் கேட்டார்கள்?

ஒருநாள் தங்கை ஜஹானா, ஒரு நட்சத்திரத்தில் அந்த அடையாளம் தெரிவதாக வீட்டில் சொல்லிவிட்டாள்.

"நானா, யாருக்கும் செல்லிடாதீங்க. எங்களுக்கும் அதுக்கும் நடுவில ஈக்கிற தூசியும் இப்பிடிக் காட்டும். இன்னும் சரி பாக்கணும்."

நானா வாக்குத் தவறவில்லை. "யாருக்கும் செல்லிடாதீங்க" என்ற நிபந்தனையோடுதான் ஒவ்வொருவரிடமும் சொன்னார். மொத்தம் பதினேழு பேர். நட்சத்திரத்தில் காந்தம் இல்லாவிட்டால் இந்தப் பதினேழு முகங்களில் எப்படி விழிப்பது? அதை அவர் யோசிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஜஹானா முடிவை அறிவித்த அன்று, அவர்களில் ஒன்பது பேர் முன்வரிசையில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசி முடித்தவள், முன்வரிசையைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாள்: "தூசியின் பங்கைக் கழித்துப் பார்த்தேன். மிச்சம் ஒன்றுமில்லை. இந்த நட்சத்திரத்தில் காந்தம் இருப்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது."

பேராசிரியர்கள் மெச்சித் தலையசைத்தார்கள். நானாவுக்கு வியர்த்தது.

இறைச்சிக்கடை ஷாமில் அவர் பக்கம் குனிந்தார். "அப்ப காந்தம் இல்லியா, நானா?"

நானா கைக்குட்டையை நான்காக மடித்து முகத்தை ஒற்றினார். நிமிர்ந்தார்.

"ஈக்கி என்டு செல்ல யாருக்கும் ஏலும். இல்ல என்டு கண்டுபுடிக்கத்தான் படிப்பு வேணும். பேராசிரியமார் தலையாட்டினதப் பாக்கல்லியா?"

மறுநாள் பதினேழு, இருபத்தைந்தாயிற்று.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் தம்பி வெளிநாட்டில் ஏதோ படிக்கிறாராமே? அட, நான் இன்னும் கேட்டே முடிக்கவில்லை; அதற்குள் எனக்கு உட்காரக் கதிரை இழுத்துப் போடுகிறீர்களே!