மேடம் பார்க்க வந்த வகுப்பு

‘அருண்பிரசாத்’ உள்ளே வர அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். நந்தினியின் ஆன்லைன் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளையே கிடையாது.

ஆனால் அது கொரோனாக் காலம். சொந்தப் பெயரில் வகுப்புக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன் யாருடையதோ, பெயரும் அவருடையது. கீழ்பென்னாத்தூர் இனியா தினமும் ‘முருகவேல் உரக்கடை’ என்றுதான் வருவாள். இன்று ‘சக்கரபாணி’ என்று இன்னொரு பிள்ளை, கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க நந்தினிக்கு நேரமில்லை.

காரணம், பி.எட். கல்லூரியிலிருந்து சரோஜா மேடம் இன்று அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடப் போகிறார். தேறினால் பட்டம். தேறாவிட்டால் அடுத்த வருஷம் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியே போனுக்குள் நடந்ததால் மேடத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. வாட்ஸப்பில் வந்தது ஒரே வரி: ‘வந்துவிடுவேன், என்னைக் கண்டுகொள்ளாமல் நடத்து.’

காலையிலிருந்தே அம்மாதான் மேடத்தைவிடப் பெரிய தொல்லை.

“பட்டுப் புடவ கட்டுடி. தலையில பூ வெச்சிக்க.”

“பத்தாங்கிளாசுக்குப் பாடம் எடுக்கப் பட்டுப் புடவையா?”

“பெரியவங்க பாக்கற கிளாசுதானே? லட்சணமா இருந்தா மார்க்கு ஜாஸ்தி போடுவாங்க. அந்த லிங்க்க எனக்கும் அனுப்பு, சொந்தக்காரங்க நாலு பேரும் பாக்கட்டும், எம் பொண்ணு டீச்சருன்னு.”

அம்மாவோடு வாதாடுவதும் மலையோடு மோதுவதும் ஒன்று. நந்தினி லிங்க்கை அனுப்பினாள். புடவை விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம் செய்துகொண்டாள். கேமராவில் இடுப்புக்கு மேல்தானே தெரியும்? பூப்போட்ட நைட்டிக்கு மேல் ரவிக்கையைப் போட்டு, பட்டுப் புடவையில் தோளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பின் குத்திக்கொண்டாள்.

அருண்பிரசாத்தை உள்ளே விட்டாள். திரையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா தெரிந்தார். போனை முகத்தோடு ஒட்டி வைத்திருந்ததால் நெற்றிப் பொட்டும் கண்ணாடியுமே பெரும்பகுதி.

சந்தேகமே இல்லை, மேடம்தான். மகனின் போனில் வந்திருக்கிறார்.

“வணக்கம் மேடம்!”

“வணக்கம்மா. நல்லா இரு. நீ பாட்டுக்கு நடத்து, நான் பாத்துட்டிருக்கேன்.”

நந்தினி மரபியலைத் தொடங்கினாள். நெட்டைப் பட்டாணிச் செடி, குட்டைப் பட்டாணிச் செடி, இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே நெட்டை.

“நீ நெட்டையாம்மா, குட்டையா?” என்றார் மேடம். “ஒக்காந்தே இருந்தா எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி! சொந்த உதாரணம் காட்டச் சொல்கிறார் என்று புரிந்த அதே வேகத்தில், நைட்டி ஞாபகமும் வந்துவிட்டது.

“சுமாரான உயரம்தான் மேடம்” என்று உட்கார்ந்தபடியே சமாளித்தாள்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஏம்மா, கால்ல ஏதாவது தொந்தரவா?”

“ஐயோ, இல்ல மேடம்!”

“அப்போ எழுந்து நடந்து போயி போர்டுல எழுதேன், பாக்கலாம்.”

உட்கார்ந்தே பாடம் நடத்தினால் மதிப்பெண் குறையும் என்று பி.எட். வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நந்தினி எழுந்தாள். முன்னால் நாற்காலியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள்.

“பாத்தியா, பிடிச்சிக்காம நடக்க முடியல” என்று மேடம் பக்கத்திலிருந்த யாரிடமோ கவலையாகச் சொன்னது காதில் விழுந்தது.

மானம் போனாலும் போகட்டும், மதிப்பெண் போகக் கூடாது. நாற்காலியை விட்டுவிட்டு நந்தினி நிமிர்ந்து நடந்தாள். பூப்போட்ட நைட்டி முழு வகுப்புக்கும் தரிசனம் தந்தது.

“டீச்சர்,” என்றது முருகவேல் உரக்கடை, “உங்க பட்டுப் புடவ பாதிலயே நின்னுடுச்சு!”

எல்லா மைக்குகளும் ஒரே நேரத்தில் சிரித்தன. சமையலறை வாசலில் நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நந்தினிக்கு அழுகை முட்டியது. ஆனால் மேடமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“பரவால்லம்மா. நடை நல்லாத்தான் இருக்கு. ஒரு சந்தேகம் கேக்கட்டா? இந்த வழுக்கையும் பரம்பரையா?”

பாட அறிவைச் சோதிக்கிறார்! நந்தினிக்கு உயிர் வந்தது.

“ஆமாங்க மேடம். பெரும்பாலும் பரம்பரைதான். அப்பா வழியிலயும் வரும், அம்மா வழியிலயும் வரும்.”

மேடத்தின் முகம் சுருங்கியது. “முன்னாடி லேசாத்தான் கம்மியா இருக்குன்னா, அதோட நின்னுடாதா?”

“நிக்காதுங்க மேடம். வயசு ஆக ஆகக் கூடிட்டேதான் போகும்.”

திரையிலிருந்து கண்ணாடி விலகியது. கொஞ்ச நேரம் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது. நந்தினி பதறிப்போனாள். மேடத்தின் வீட்டுக்காரர் தலையை அவள் என்னத்தைக் கண்டாள்?

“மேடம்! மேடம்! வழுக்கை ஒரு குறையே இல்லங்க. குணத்துக்கும் முடிக்கும் சம்பந்தமே கிடையாது!”

கண்ணாடி சட்டென்று திரும்பி வந்தது. “மனசார சொல்றியாம்மா?”

“மனசார சொல்றேன் மேடம்.”

“அப்போ உனக்கு அதுல ஆட்சேபணை ஒண்ணும் இல்ல?”

“எனக்கு என்னங்க மேடம் ஆட்சேபணை? தாராளமா இருக்கட்டும்.”

“போதும்மா, வயிறு குளுந்துடுச்சு. எங்களுக்குப் பரிபூரண திருப்தி. வரேன்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு அருண்பிரசாத் வெளியேறினார்.

அம்மா ஜன்னல் வழியே தெரிந்த கோயில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நந்தினிக்கும் அப்படியே செய்யத் தோன்றியது. பிள்ளைகளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, வகுப்பை மூடப் போனாள். ‘சக்கரபாணி’ மட்டும் இன்னும் போகாமல் இருந்தது.

“யாருப்பா அது? கிளாஸ் முடிஞ்சிடுச்சு, கிளம்பு.”

மைக் திறந்தது.

“நந்தினி, நான் சரோஜா மேடம், வீட்டுக்காரர் போன்ல வந்திருக்கேன். நீ பாஸ். ஆனா வழுக்கைக்கு அவ்வளவு அவசரமா சரின்னு சொல்லியிருக்க வேணாம்மா. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ எங்க மாமியாரும் இப்படித்தான் முதல்ல நடந்து காட்டச் சொன்னாங்க.”