திரும்பும்போது எடுத்துக்கொள்கிறவர்

உலகத்தில் உள்ள எல்லா விதிகளையும் மனதார மதித்து, அவை அத்தனையும் அடுத்தவருக்காக எழுதப்பட்டவை என்று அதே மனதார நம்புகிற ஒரு ரகம் உண்டு. எல்லா ஊரிலும் விளைகிற ரகம்தான். ஆனால் அதை முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமானால் தெற்கு இங்கிலாந்தில், காலை ஏழரை மணிக்கு, தோரிங்கன் காட்டின் மரக்கதவருகே வந்து நிற்க வேண்டும். கையில் நாயோடு வருவார். கையில் என்றா சொன்னேன்? தப்பு. நாய் எங்கோ இருக்கும். கயிறுதான் அவரிடம் இருக்கும், அதுவும் அவர் கழுத்தில், மேடையில் போட்ட சால்வை மாதிரி.

ரோடரிக் பெல்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வயது அறுபத்தேழு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று, அங்கே நாற்பது பேரை அதட்டிய பழக்கத்தை இனி எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் நாய் வாங்கியவர். ஸ்பானியல், பெட்டை, பெயர் பிக்கிள். ஆமாம், ஊறுகாய்தான். இங்கே பிள்ளைகளுக்கு ராஜா ராணி பெயரும் நாய்களுக்குத் தின்பண்டத்தின் பெயரும் வைப்பார்கள், அதை நாம் கேட்கக்கூடாது. ஒரு மாதமாகத் துளி மழை இல்லாத ஜூனிலும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மெழுகு பூசிய பச்சைக் கோட்டு, அதன் ஒரு பையில் நாய்க்குக் காய்ந்த ஈரல், மறுபையில் தனக்கு பிஸ்கட், கழுத்தில் கயிற்றோடு சேர்ந்து ஆடுகிற ஒரு வெள்ளி விசில். அந்த விசிலை அவர் ஊதினால் காட்டிலுள்ள நாய்கள் எல்லாம் ஓடிவரும். பிக்கிள் வராது.

இந்தக் காட்டில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. நாய்களின் பெயர் மட்டும் தெரியும். ஆறு வருஷம் தினமும் குசலம் விசாரித்துக்கொண்ட இரண்டு பேர் கடைத்தெருவில் நாயில்லாமல் எதிர்ப்பட்டால் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே ரோடரிக் இங்கே 'பிக்கிளோட அப்பா'. அதில் அவருக்குப் பெருமை. சொந்த மகன் பிரிஸ்டலில் இருக்கிறான், வருஷத்துக்கு இருமுறை போன் செய்கிறான், அவன் பேச்சை அவர் எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு பெண்மணி கருவேலமரத்தடியில் துண்டு விரித்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். குட்டையில் முங்கி எழுந்த பிக்கிள் அவர் மடியில் வந்து விழுந்தது. நாற்பது கஜம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பயப்படாதீங்க! ஒண்ணும் பண்ணமாட்டா!"

"சட்டையெல்லாம் சேறாயிடுச்சுங்க!"

"அவளுக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு, அதான்!"

"என் சாண்ட்விச்சைத் தின்னுட்டா!"

ரோடரிக் நிதானமாக வந்து சேர்ந்தார். தடியை ஊன்றினார். "ஹாம் வெச்சிருந்தீங்களோ?"

"ஆமா."

"அதான பார்த்தேன். ஹாம்னா அவளுக்கு உயிரு." அதோடு வழக்கு முடிந்தது. நாய் உலவுகிற இடத்துக்குப் பன்றிக்கறி கொண்டுவந்தது யார் குற்றம்? அந்தப் பெண்மணியே கடைசியில் "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார் என்றால் பாருங்களேன். போகும்போது ரோடரிக் பெருந்தன்மையோடு ஒரு வரி சேர்த்தார்: "பொதுவா இவ இப்படிப் பண்ணவே மாட்டா." அது அந்த வாரத்தில் நான்காவது முறை.

இப்போது பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகம் சுளிக்காதீர்கள்; பை இல்லாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. நாய் வெளிக்குப் போன இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆளா ரோடரிக்? சேச்சே. அப்படிப் போகிறவர்களைப் பற்றி ஊர்ப் பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். அவர் குனிவார், முனகுவார், பையைக் கையுறைபோல மாட்டி அள்ளி, சுருக்கி, அழகாக முடிச்சுப் போடுவார். மற்றவர்கள் பை கறுப்பு. அவருடையது ஊதா நிறம், லாவெண்டர் மணம், டென்மார்க்கிலிருந்து தருவிப்பது, மண்ணில் மக்கிவிடும் என்று யாரைப் பார்த்தாலும் விளக்குவார். முடிச்சுப் போட்ட பிறகு அதைச் சுமந்துகொண்டு இரண்டு மைல் நடப்பதா? பக்கத்துக் கிளையில் மாட்டுவார். 'திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.'

தோரிங்கன் காட்டுப் பாதை வட்டப்பாதை. போன வழியே யாரும் திரும்புவதில்லை, இவரும்தான். நானூறு வருஷத்துக் கருவேலமரங்கள், கொள்ளைநோயும் போரும் பார்த்தவை, இன்று ஊதா நிறத்தில் காய்த்துக்கொண்டு நிற்கின்றன. வெட்கக்கேடு.

காட்டைத் தாண்டினால் மேடு. மேட்டில் மரமே இல்லாத புதர்வெளி. கணுக்கால் உயர ஹெதர் செடி, இடையிடையே மஞ்சள் பூத்த முட்புதர். வெயில் ஏறினால் அந்தப் பூ சுத்தமான தேங்காய் வாசனை அடிக்கும். அங்கேதான் மொரீன் டாகெட்டின் உயிர் கிடந்தது. முப்பது வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவர், நாய்க்கடி வாங்கிய தழும்பு இரண்டு காலிலும் உண்டு, எந்த நாய் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏழு வருஷமாக அந்த மேட்டில் பக்கிக்குருவியைக் கவனித்து வருகிறார். ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வருகிற பறவை அது; பகலெல்லாம் தரையில் சருகோடு சருகாகப் படுத்துக் கிடக்கும், அந்தி சாயும்போது ராட்டை சுற்றுவதுபோல ஓயாமல் ஒலிக்கும். கூடு கட்டத் தெரியாது. வெறும் தரையில் இரண்டே முட்டை. போன வருஷம் மேட்டில் மூன்று ஜோடி. இந்த வருஷம் ஒன்று.

காட்டு நண்பர்கள் குழு என்று ஒன்று உண்டு; அங்கே மட்டும் ஆட்களுக்கும் பெயர் உண்டு. தலைவர் யார் என்று கேட்கவும் வேண்டுமா? குழுக் கூட்டத்தில் மொரீன் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர், எழுதி வந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"இன்னும் பதினொரு நாள். குஞ்சு பொரிச்சிடும். அதுவரைக்கும் மேட்டுப் பாதையில எல்லாரும் நாயைக் கயித்துல பிடிச்சாப் போதும். நாய் கிட்டப் போனா தாய் எழுந்துடும். சிறகு ஒடிஞ்ச மாதிரி தரையில அடிச்சுக்கிட்டு ஓடி, நாயை அந்தப் பக்கம் இழுக்கப் பார்க்கும். அது நடிப்பு. அப்ப முட்டை தனியாக் கிடக்கும். வேற ஒண்ணும் கேக்கலை நான்."

"மொரீன், இதை என்கிட்ட விடுங்க" என்றார் ரோடரிக், அவர் உட்காருவதற்கு முன்பே.

அன்றே அறிவிப்பு எழுதினார். 'நாய்களைக் கயிற்றில் பிடிக்கவும். விதிவிலக்கு இல்லை.' கடைசி இரண்டு சொல்லுக்குச் சிவப்பில் இரட்டைக் கோடு. எழுத எழுத அவர் மனக்கண்ணில் முகங்கள் வரிசைகட்டி வந்தன: ஹாம் பெண்மணி, மணியடிக்காத சைக்கிள்காரர்கள், எல்லாருக்கும் மேலாக கென் ஸ்டப்ஸ். கென் கூரை வேய்கிறவர். அவருடைய டச்சஸ், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிழட்டு கிரேஹவுண்ட்; ஒரு கண் தெரியாது, நடக்கும்போதே தூங்கும். கயிற்றை விட்டு அது விலகி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கால் நீளம் அல்லவா? ரோடரிக்குக் கால் நீளமான நாய்களின்மேல் நம்பிக்கை கிடையாது.

மூன்று நாள் காலையிலும் மரக்கதவருகே காவல் நின்றார். கென்னை மூன்று நாளும் நிறுத்தினார்.

"கயிறு ரொம்ப நீளம், மிஸ்டர் ஸ்டப்ஸ்."

"அஞ்சடிதாங்க."

"நாலடி போதும்."

கென் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். டச்சஸ் நின்றபடியே கண்ணை மூடியது.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காவல் முடிந்து ரோடரிக் தன் நடையைத் தொடங்கினார். காட்டுக்குள் பிக்கிள் வழக்கம்போல எங்கோ இருந்தது. மேட்டு வாசலில் கூப்பிட்டு, ஈரல் காட்டி, கயிறு மாட்டினார், அதை மறைக்கக்கூடாது. நூறு கஜம் நடந்தார். பிக்கிள் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை அவர் தாங்கமாட்டார். மகன் பார்த்தபோதெல்லாம் தாங்கியவர்தான். சுற்றுமுற்றும் பார்த்தார், யாருமில்லை. ஐந்து நிமிஷம். இவள் மற்ற நாய்கள் மாதிரியா? சொன்னால் புரிந்துகொள்கிறவள். தவிரவும், விதி என்பது அதன் அருமை தெரியாதவர்களுக்காக. எழுதினவனுக்கே அதை ஓதுவதா? கொக்கியைக் கழற்றினார். கயிறு கழுத்துக்குப் போயிற்று.

முட்புதரின் மறுபக்கம் ஏதோ படபடத்தது. சருகு நிறத்தில் ஒரு பறவை, ஒரு சிறகு தொங்க, தரையில் அடித்துக்கொண்டு ஓடியது. பிக்கிள் அதன் பின்னால் நாலு பாய்ச்சல் பாய்ந்து, சலித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து முகர்ந்து, சுற்றி, மிதித்துக்கொண்டு நின்றது. ரோடரிக்குத் தெரியாதா? மொரீன் சொல்லும்போது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர். அரை நொடி அவர் கை கழுத்துக் கயிற்றுக்குப் போயிற்று. அரை நொடிதான். 'பாவம், நோய் கண்ட புறாவோ என்னவோ' என்று முடிவு செய்தார். போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்குள் பிக்கிள் அங்கேயே தன் காலைக்கடனையும் முடித்திருந்தது. அவர் குனிந்தார், தரையில் வேறெங்கும் கண் போகாமல் அள்ளினார், முடிச்சுப் போட்டார். வீட்டிலிருந்து போன்.

"முட்டை ரெண்டும் வெந்தாச்சு. ஆறிடும், சீக்கிரம் வாங்க" என்றாள் மனைவி ஹிலரி.

பையை முட்புதரில் மாட்டினார். கீழ்ப்பாதை குறுக்குவழி. அதில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் மொரீன் மேட்டுக்குப் போனார். இரண்டு முட்டையும் நசுங்கிக் கிடந்தன. தாய் அவ்விடத்தை விட்டுப் போயிருந்தது. மொரீன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அறுபத்தொரு வயதில், ஒரு குருவிக்காக, தேங்காய் வாசனைக்கு நடுவில். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை மரக்கதவருகே கண்டனக் கூட்டம். கூட்டியவர் ரோடரிக். பதினைந்து பேர், பன்னிரண்டு நாய். பிக்கிள் கயிற்றில் இருந்தது. அவர் பேசினார், பேசத் தெரிந்தவர், குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுக்கவும் செய்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளியை நாம் நடத்திய விதம் இதுவா, மனசாட்சி என்று ஒன்று இருந்தால் செய்தவர் இங்கேயே ஒத்துக்கொள்ளட்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "நான் யார் பேரையும் சொல்லப் போறதில்லை. ஆனா பந்தயத்துக்குன்னே, துரத்தறதுக்குன்னே வளர்த்த நாய்ங்க சிலது இங்க வருது" என்றார்.

மற்ற பதினான்கு தலையும் கென் பக்கம் திரும்பின. கென்னின் காது சிவந்தது. குனிந்து டச்சஸின் தலையைத் தடவினார்.

அப்போதுதான் மொரீன் முன்னால் வந்தார். கையில் ஒரு சணல் பை. அதற்குள்ளிருந்து இரண்டு விரலால் எதையோ எடுத்தார். ஊதா நிறம்.

"மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் பெல்லிங், பேச்சுக்கு நடுவுல தொந்தரவு பண்றேன். இது உங்களோடதுன்னு நினைக்கறேன். திரும்பறப்ப எடுத்துக்கலாம்னு வெச்சிருப்பீங்க. முட்டை கிடந்த இடத்துக்கு ரெண்டடிதான், அதான் கொண்டாந்தேன்."

லாவெண்டர் மணம் நன்றாகவே வீசியது. இங்கே ஒருவர் மானம் போகும்போது மற்றவர்கள் அவரைப் பார்க்கமாட்டார்கள். எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். கடைசியில் கென்தான், ஒரு மேகம் இல்லாத வானத்தை அண்ணாந்து, "மழை வரும்போல இருக்கு" என்றார். இத்தனைக்குப் பிறகும் அந்த மனிதர் இவரைக் காப்பாற்றப் பார்த்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ரோடரிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டுமே. பிக்கிளைப் பார்த்தார், மொரீனைப் பார்த்தார், இத்தனை வருஷம் அவரைக் கைவிடாத அந்த ஒரு வரி தானாக வாய்க்கு வந்தது.

"பொதுவா இவ இப்படிப் பண்ணவே மாட்டா."

மொரீன் தலையை ஆட்டினார். "அந்தக் குருவியும் பொதுவா முட்டையை விட்டுப் போகவே போகாது. இனி அடுத்த வருஷம் வராது."

இப்போது ரோடரிக் வேறு காட்டுக்குக் காரில் போகிறார். அங்கேயும் குழு ஒன்று இருக்கிறது. தலைவர் பதவி காலியாகப் போகிறதாம். அவர் எழுதிய அறிவிப்பு மட்டும் தோரிங்கன் மரக்கதவில் இன்னும் தொங்குகிறது, சிவப்புக் கோடு சற்று வெளுத்து.

நீங்கள் நாய் வளர்ப்பதில்லை. தெரியும். உங்கள் ஊரில் ஹெதரும் இல்லை, பக்கிக்குருவியின் முட்டையை நீங்கள் மிதிக்கப் போவதும் இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கப் படிக்க, 'அட, நம்ம இன்னார் மாதிரியே இருக்கே!' என்று ஒரு முகம் உங்களுக்கு ஞாபகம் வந்ததல்லவா? எதிர்வீட்டுக்காரர், மைத்துனர், ஆபீசில் அடுத்த மேஜை?

அறிவிப்பை எழுதும்போது ரோடரிக்குக்கும் அப்படித்தான் வந்தது. எல்லார் முகமும் வந்தது.