இரைச்சல் தோஷம்

திண்டுக்கல், பழனி சாலையில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தில் அன்றைய ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் எதுவும் இல்லை. ஆனால் வாசலில் குவிந்து கிடந்த செருப்பைப் பார்த்தால் நாலு கல்யாணம் ஒன்றாக நடப்பதுபோல் இருந்தது. வந்தவர்கள் மொய்க் கவருக்குப் பதிலாக லேப்டாப்பும் கீபோர்டும் மைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். திருவிழாக் கச்சேரிக்காரர்கள், சர்ச் பாடகர் குழு இளைஞர்கள், யூடியூபில் மீன் குழம்பு வைக்கும் அக்காமார்கள். எல்லோருக்கும் ஒரே நோய். வீட்டில் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்தால், பின்னாலேயே 'ஙொய்ய்ய்' என்று ஓர் இரைச்சல் ஒட்டிக்கொண்டு வருகிறது.

வைத்தியர் மேடையில் இருந்தார். 'ஒலி வாஸ்து ஞானி நாதஜோதி ஆனந்த்ராஜ்' என்றது பேனர். கொஞ்ச காலம் முன்புவரை வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தின் எதிரில் வாட்டர் ஃபில்டர் விற்றவர். தண்ணீரில் இருக்கும் அழுக்கை எடுத்தவருக்குச் சத்தத்தில் இருக்கும் அழுக்கை எடுக்கத் தெரியாதா? கூட்டத்தின் தர்க்கம் அது.

அவருடைய மருந்து ஒரு செப்புத் தகடு. அதில் ஓம் உண்டு, சிலுவை உண்டு, பிறை உண்டு. எந்த மதத்து இரைச்சலும் மனத்தாங்கல் இல்லாமல் அடங்கலாம். எதிரே தரைவரை மஞ்சள் பட்டு தொங்கும் மேசை. சாமி செருப்புப் போடுவதில்லை. காரிலிருந்து இறங்கும்போதே வெறுங்கால்தான்.

"எம்புட்டு எளிமை பாத்தீங்களா!" என்று ஒரு மீன் குழம்பு அக்கா உருகினார்.

இரண்டாம் வரிசையில் கிளெமென்ட் உட்கார்ந்திருந்தான். முதல் வரிசையில் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் நம்பி வந்தவன் என்று நினைத்துவிடுவார்கள். அவன் 'ஆராய' வந்தவன். பகலில் மருந்து மொத்தக் கடையில் பில் போடுவான். மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. அந்த வகுப்பிலேயே பெரிய பகுத்தறிவாளன் அவன்தான். ராசிபலனைக் கிழித்துத் தோரணம் கட்டுவான். அம்மா இஞ்ஞாசியம்மாள் ஸ்கூட்டர்மேல் தீர்த்தம் தெளித்தால், துருப்பிடிக்கும் என்று பிரசங்கம் செய்வான்.

அப்படிப்பட்டவன் இங்கே எப்படி? ஆனந்த்ராஜ் 'பேய்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். அவர் 'நெகட்டிவ் ஃபிரீக்வென்சி' என்று சொல்லிவிட்டார். கைகட்டி நின்றுவிட்டான்.

விஷயம் இதுதான். கிட்டார் ஒலியை உறுமவும் எதிரொலிக்கவும் வைக்கும் புராசஸர் பெட்டி ஒன்றைக் கிளெமென்ட் பழையதாக வாங்கியிருந்தான். தரையில் வைத்துக் காலால் மிதித்து இயக்குவது. யூ.எஸ்.பி. வயரால் அதை லேப்டாப்பில் செருகினால், அதே பெட்டி வீட்டு ஸ்டூடியோவாகவும் உழைக்கும். அவனிடம் பெட்டி இருந்தது; லேப்டாப் இல்லை. லேப்டாப் ஜீவிதாவிடம் இருந்தது. அவள் அவனுடைய மாலை வகுப்புத் தோழி, நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்காரக் குடும்பத்துப் பெண். டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைப்பதைப் பற்றி அவளே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தாள். ஊரில் புதிதாகத் தொடங்கிய சமுதாய வானொலி ஒன்று புதுப் பாட்டுகள் கேட்டிருந்தது. இந்த ஞாயிறு ராத்திரிக்குள் அனுப்பியாக வேண்டும்.

முதல் நாள் கிளெமென்ட் பெட்டியில் 'மெட்டல்' சத்தத்தை மாற்ற மறந்துவிட்டான். ஜீவிதா வாயைத் திறந்ததும் எருமை ஒன்று குடத்துக்குள் அலறியது. இஞ்ஞாசியம்மாள் சமையல்கட்டிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டே ஓடி வந்தார். அதைச் சரிசெய்தாயிற்று. மிஞ்சியது 'ஙொய்ய்'.

கிளெமென்ட் முறைப்படி இறங்கினான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, அதுதான் அறிவியல். வயரை மாற்றினான். கிட்டாரை மாற்றினான். ஃபேனை நிறுத்தினான். ஃபிரிட்ஜை நிறுத்தி, வீட்டில் இருந்த இட்லி மாவைப் புளிக்க வைத்தான். அம்மாவையே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தான். இரைச்சல் அசையவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தான். ஜீவிதா வருவதற்கு முன்னால் பெட்டியும் ஸ்பீக்கரும் அமைதியாக இருக்கின்றன. அவள் வந்ததும் இரைச்சல். போனதும் அமைதி. முடிவு? அவள்தான்.

ஜீவிதா தனியாக வரவில்லை. லேப்டாப்பும் சார்ஜரும் கூடவே வந்தன. அவள் வாசல்படி ஏறும்போதே, "வா தாயி, மொதல்ல சார்ஜப் போடு, அப்புறம் தண்ணி குடிக்கலாம்" என்று இஞ்ஞாசியம்மாள் பிளக்கைக் காட்டுவார். இப்போதெல்லாம் விருந்தோம்பல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சார்ஜரைச் சோதிக்க வேண்டும் என்று நம் விஞ்ஞானிக்குத் தோன்றவே இல்லை. விருந்தாளியின் பொருளைச் சந்தேகிப்பது மரியாதை இல்லையாம். விருந்தாளியைச் சந்தேகிப்பது மட்டும் அறிவியலாம்.

உள்ளே வரும்போதே, மண்டப வாசலில் பெயர் பதியும் மேசையில் கண்ணாடி போட்ட ஒருவர், "சத்தம் எப்ப வருது தம்பி? யாரு இருக்கப்ப வருது?" என்று கேட்டார். கிளெமென்ட் தன் கண்டுபிடிப்பை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். ஜீவிதா அப்போது கிட்டார் பையோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளிடம், "சும்மா ஒரு டெக்னிக்கல் ஆலோசனை" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

முதலில் மேடையேறியவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் ஈஸ்வரன். தினமும் காய் விலையைப் பதிவு செய்து யூடியூபில் போடுபவர்.

"ஏனுங்க சாமி, தக்காளி வெலை சொல்றப்பதான் எரைச்சல் சாஸ்தியா வருதுங்க."

"தக்காளி செவப்பு. செவ்வாய் தோஷம்" என்றார் ஆனந்த்ராஜ், கண் இமைக்காமல்.

சீடர்கள் ஈஸ்வரனின் லேப்டாப்பையும் மைக்கையும் மேசைமேல் பரப்பி, மண்டப ஸ்பீக்கரில் இணைத்து, சார்ஜரைச் செருகினார்கள். 'ஙொய்ய்ய்' என்று மண்டபமே அதிர்ந்தது. சாமி நாற்காலியில் அமர்ந்து, தகட்டை மைக்கின்மேல் வைத்து, எந்த மொழியிலும் சேராத மந்திரம் ஒன்றைச் சொன்னார். சட்டென்று அமைதி. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கிளெமென்டும் தட்டினான். எல்லோரும் தகட்டையே பார்த்தார்கள். ஜீவிதா மட்டும் லேப்டாப் ஓரத்தில், சார்ஜ் ஏறுவதைக் காட்டும் ஆரஞ்சுப் பொட்டு விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி கிழடாகிப்போன லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அந்த விளக்குமேல்தான் எப்போதும் கண்.

"வீட்டுல தகடு வேலை செய்யணும்னா ஒரு விரதம் இருக்கு" என்றார் சாமி. "பதிவு நேரத்துல லேப்டாப்பு கரண்டக் கடன் வாங்கப்படாது. சார்ஜரக் கழட்டிறணும். சுயபலத்துல நிக்கணும். விரதம் தவறினா தோஷம் திரும்பிரும். அப்ப பெரிய தகடு."

ஆகா, எவ்வளவு ஆழமான தத்துவம் என்று கிளெமென்ட் வியந்தான்.

அடுத்தது அவன் முறை. அவனுடைய புராசஸரும் ஜீவிதாவின் லேப்டாப்பும் மேடையேறின. 'ஙொய்ய்ய்'. சாமி கண்ணை மூடினார்.

"ஒரு பொண்ணு... பாடுற பொண்ணு... அவ வந்தா சத்தம் வருது, போனா நிக்குது... சரியா அப்பு?"

கிளெமென்டுக்குப் புல்லரித்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் வாசலில் தானே சொன்னதைக் கேட்டுப் புல்லரித்த மனிதர்களில் அவனுக்கு ஒரு தனி இடம் கொடுக்கலாம்.

"சரிதான் சாமி! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தக் கொரல்ல தோஷம் இருக்கு. அவ பாடப்படாது. அவ எழுதுன பாட்ட வேணா வச்சிக்க. தோஷம் கழிச்ச கொரல் நம்மகிட்டயே இருக்கு, பாடிக் குடுத்துருவோம். காணிக்கை தனி."

மண்டபம் முழுவதும் திரும்பி ஜீவிதாவைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அக்கா தன் குழந்தையை மெதுவாக இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜீவிதா எழுந்தாள். கிளெமென்டிடம் தணிந்த குரலில் கேட்டாள். "இதுதான் டெக்னிக்கல் ஆலோசனையா?"

"இல்ல ஜீவிதா, டேட்டா அப்படித்தான் காட்டுது..."

"டேட்டாவா? சரிடா. உன் டேட்டாவப் பாத்துருவோம்." அவள் மேடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "சாமி, நான் வெளிய போறேன். லேப்டாப்பு அங்கனயே இருக்கட்டும். தகடு வைக்காதீங்க. நான் போனதும் சத்தம் நிக்கணும்ல?"

நியாயமான பேச்சு. சாமியால் மறுக்க முடியவில்லை. ஜீவிதா விறுவிறுவென்று நடந்து, பந்தி நடக்கும் பின்கட்டுக்குப் போய்விட்டாள். கூட்டம் காதைத் தீட்டியது.

'ஙொய்ய்ய்ய்ய்.'

இம்மியும் குறையவில்லை. கிளெமென்டின் அறிவியலுக்கு வியர்த்தது. ஜீவிதா போகும்போது லேப்டாப் அவளோடு போகாமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

ஜீவிதா திரும்பி வந்தாள். கையில் ஒரு பொரித்த அப்பளம். அன்னதானத்துக்குப் பொரித்து வைத்திருந்ததில் ஒன்று.

"நின்னுச்சா?"

"அவ இருந்த எடத்துல தோஷத்தோட வாடை நிக்கும்" என்றார் சாமி.

"வாடை எம்புட்டு நேரம் நிக்கும், சாமி? சரி விடுங்க. தகட்ட வச்சு நிறுத்துங்க. ஒண்ணே ஒண்ணு. காலத் தொங்கப் போட்டு மந்திரம் சொல்றது தெய்வக் குத்தம் இல்லையா? நாற்காலிமேல சம்மணம் போட்டு உக்காந்து சொல்லுங்க."

"அம்மிணி சொல்றதும் செரிதானுங்க" என்றார் ஈஸ்வரன். "சம்மணம் போட்டாத்தானுங்க சாமிக்கு லட்சணம்."

கூட்டம் தலையாட்டியது. பக்தி மிகுந்த கூட்டத்திடம் பக்தியோடு ஒன்றைக் கேட்டால் எப்படி மறுப்பது? சாமி காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டார். தகட்டை வைத்தார். மந்திரம் சொன்னார். 'ஙொய்ய்'. உரக்கச் சொன்னார். 'ஙொய்ய்'. தகட்டைத் திருப்பி வைத்தார். ஓம், சிலுவை, பிறை மூன்றும் சேர்ந்து முயன்றன. 'ஙொய்ய்ய்ய்'.

"முட்டி வலி" என்று சாமி ஒரு காலை மெல்ல இறக்கப் பார்த்தார்.

"எறக்காதீங்க சாமி!" ஜீவிதா மேடையேறி மஞ்சள் பட்டைத் தூக்கினாள். மேசைக்கு அடியில், சாமியின் வெறுங்கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஸ்விட்ச் பெட்டி. லேப்டாப் சார்ஜர் அதில்தான் செருகியிருந்தது.

"டே கிளெமென்ட், இங்க வா. உனக்குப் பழக்கமான வேலைதான். நான் சொன்னதும் மிதி." அவள் தகட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புராசஸர்மேல் அப்பளத்தை வைத்தாள். "ஓம் அப்பளாய நமஹ. மிதி!"

கிளெமென்ட் கட்டை விரலால் ஸ்விட்சை மிதித்தான். ஆரஞ்சு விளக்கு அணைந்தது. இரைச்சல் நின்றது. அப்பளத்தின்மேல் ஓர் எண்ணெய்த் துளி மட்டும் மின்னியது.

மறுபடி மிதித்தான். 'ஙொய்ய்'. மறுபடி. அமைதி. பார்க்கப் பார்க்க அவனுக்கு முகம் சுண்டிப்போனது. தினம் தினம் காலால் பெட்டியை மிதித்துச் சத்தத்தை மாற்றுகிறவன், இன்னொருவர் காலைப் பார்க்கவில்லை. மந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான்.

மண்டபமே எழுந்து நின்றது. பிறகு கூச்சல். சீடர்கள் தகடுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார்கள். ஆனந்த்ராஜ் அவர்களுக்கும் முன்னால் ஓடினார். வெறுங்கால் என்பதால் வாசலில் செருப்புத் தேடும் வேலை இல்லை. எளிமையின் பயன் அன்றுதான் விளங்கியது.

களேபரத்துக்கு நடுவே ஈஸ்வரன் மேடையோரம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அது எந்தக் கம்பெனி அப்பளமுங்க?"

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது கிளெமென்ட் விளக்கம் சொல்லத் தொடங்கினான். "அது எர்த் வளையம் ஜீவிதா. சார்ஜர் வழியா ஒரு எர்த், ஸ்பீக்கர் வழியா ஒரு எர்த். நடுவுல யூ.எஸ்.பி. வயரு ரெண்டையும் சேத்துருது. அதான் எரைச்சல். எப்பவோ படிச்சிருக்கேன்..."

"படிச்சிருக்கியா?"

"ம்."

"அப்புறம் ஏன்டா என்னைய அம்புட்டு சனத்துக்கு முன்னாடி தோஷம்னு நிக்க வச்ச?"

"தப்புத்தான்" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலோர இடம் கிடைத்திருந்தும் அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை என்பதைப் பார்த்தபோதுதான், தான் செய்தது என்ன என்று அவனுக்கு முழுசாக உறைத்தது. ராசிபலன் எழுதுகிறவர்கூட ஒரு பெண்ணைக் கைகாட்டி 'இவள்தான்' என்று சொன்னதில்லை. அவன் சொல்லியிருந்தான். அதுவும் ஆதாரத்தோடு.

வீட்டு வாசலில் இஞ்ஞாசியம்மாள் நின்றிருந்தார். "வா தாயி, மொதல்ல சார்ஜப்..."

"அம்மா, வேணாம்!" கிளெமென்ட் பாய்ந்து பிளக்கை மறைத்து நின்றான்.

"ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? வந்த பிள்ளைக்கு ஒரு சார்ஜு குடுக்கமாட்டியா?"

ஜீவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கிழட்டு பேட்டரியில் ஒரு தடவை பாடத்தான் உயிர் இருந்தது. ஒரே தடவைதான் பாடினாள். பாட்டுக்குள்ளே ஜன்னலோரக் காற்றும் கண்டக்டரின் விசிலும் தெளிவாகக் கேட்டன. வேறெதுவும் கேட்கவில்லை. பாட்டு வானொலிக்குப் போய்ச் சேர்ந்ததும் லேப்டாப் தானாகவே கண்ணை மூடிக்கொண்டது. பாடியவர் ஜீவிதா, எழுதியவர் ஜீவிதா என்று பாட்டோடு அனுப்பிய குறிப்பில் இருந்தது. கிட்டார் வாசித்தவர் பெயரை அவள் போட மறந்துவிட்டாள். அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

செப்புத் தகடு இப்போது வேறு ஊரில் விலைபோய்க்கொண்டிருக்கலாம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு மைக்கின்மேல் அப்பளம் இருக்கிறதாகவும் கேள்வி. பரவாயில்லை, அப்பளத்தைத் தின்னவாவது முடியும். ஆனால் உங்கள் வீட்டில் அடுத்த முறை எது கெட்டுப்போனாலும், வந்து நிற்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பிளக் அழாது. மூளையையும் ஒரு தடவை செருகிப் பாருங்கள். அதற்குத் தகடு தேவையில்லை.