சைவ வாத்தியாரும் சின்னப் பானையும்

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்து மத்தியானக் கஞ்சியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய வாத்தியார் சொன்னார்.

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே நான் கணக்கும் ஜப்பானிய மொழியும் சொல்லிக்கொடுத்தேன். இந்த வாரம் நான் கற்றதைப் பிள்ளைகள் அடுத்த வாரம் கற்றார்கள். எங்களுக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏன் நான்?" என்றேன்.

"இனிமே கஞ்சியில காய்ஞ்ச இறால் போடணும்னு ஜப்பான்கார துவான் உத்தரவு. பிள்ளைங்களுக்குப் பலம் வேணுமாம். இங்க நீங்க ஒருத்தர்தான் சைவம். ருசி பார்க்கிறேன்னு பானையைக் காலி பண்ண மாட்டீங்க."

என் ஒழுக்கத்துக்கு அதுவரை கிடைத்த ஒரே பாராட்டு.

கஞ்சி என்பது மரியாதைக்குச் சொல்வது. பானை நிறைய மரவள்ளிக்கிழங்கு இருக்கும். அரிசி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அங்கங்கே மிதக்கும்.

அன்று சாயங்காலம் என் வகுப்புச் சரசுவின் அம்மா வாசலில் காத்திருந்தாள்.

"ஐயா, இறால் போடப் போறீங்களாமே? எம் பொண்ணுக்கு அது ஆகாது. ஒரு தடவை தெரியாம தின்னுட்டு மூஞ்சி வீங்கி, மூச்சு அடைச்சு, போயிட்டான்னே நெனச்சோம்."

"அப்படின்னா கஞ்சி கொடுக்க வேணாமா?"

"ஐயையோ, நிறுத்திடாதீங்க! அவ அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனதிலிருந்து வீட்டுல மத்தியானம் அடுப்பே எரியறதில்ல."

சமையல்கார முனியம்மாவிடம் போய், சரசுவுக்கு இறால் இல்லாமல் தனியாக வேண்டும் என்றேன்.

"கிழங்கை ரெண்டு தரம் வேகவைக்க விறகு ஏது, வாத்தியாரே? சின்னப் பானையில ஒரு பிடி அரிசி போட்டு இறக்கிடறேன். அது தின்னுட்டுப் போவுது."

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் படித்தவன். எதையும் முறைப்படி செய்ய வேண்டும்.

காலையில் வகுப்பில் நின்று அறிவித்தேன். "யாருக்காவது ஏதாவது சாப்பாடு ஒத்துக்கலைன்னா சொல்லுங்க. அவங்களுக்குத் தனியா சின்னப் பானையில அரிசிக் கஞ்சி."

அத்தனை கைகளும் மேலே போயின. சரசுவின் கையைத் தவிர. அவள் எப்போதும் போல யாரும் பார்க்காத ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கிழங்கு ஒத்துக்காது, ஐயா!"

"எனக்கும்!"

"எங்க வீட்டுல யாருக்குமே ஒத்துக்காது, ஐயா," என்றான் காதர்.

"அப்போ வீட்டுல என்னடா சாப்பிடுறீங்க?"

"கிழங்குதான், ஐயா."

விட்டேனா? "ஒத்துக்கலைன்னா உடம்புல தெரியணும். நாளைக்கு வந்து காட்டுங்க, பார்ப்போம்," என்றேன். ஒரே வாக்கியத்தில் எல்லோரையும் மடக்கிவிட்ட பெருமையோடு உட்கார்ந்தேன்.

மறுநாள் காட்டினார்கள்.

கை, கழுத்து, கன்னம், எல்லா இடத்திலும் தடிப்பு. வகுப்பே சொறிந்துகொண்டிருந்தது. கம்போங் செட்டியிலிருந்து வரும், வீட்டில் மலாய் பேசும் தேவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அழுகை நன்றாக வந்தது. "கத்தால், சேகு! கத்தால்!" என்று முதுகைச் சுவரில் தேய்த்தான். சேகு என்றால் வாத்தியார்; கத்தால் என்றால் அரிக்கிறதாம். அதைச் சொல்ல மலாய் தேவையில்லை, பார்த்தாலே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் துவான் வந்தார்.

இறால் யோசனை அவருடையது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்திருந்தார். பிடித்திருந்தால் அவர் தரும் அரிசி தொடரும். இல்லையென்றால் கிழங்கில் மிதக்கவும் ஒன்றும் இருக்காது.

பிள்ளைகள் எழுந்து, குனிந்து வணங்கினார்கள். வணங்கியபடியே சொறிந்தார்கள்.

"சாக்கிட்?" என்றார் துவான், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நோயா என்று கேட்கிறார். பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நோய்னா பள்ளிக்கூடத்தை மூடு!" என்று மலாயில் கத்தினார் துவான்.

தேவன் பயந்துபோய் மேசைக்கடியிலிருந்து ஒரு சேம்புத் தண்டை எடுத்து நீட்டினான். வாய்க்கால் ஓரத்தில் கேட்பாரில்லாமல் வளரும் சேம்பு. ஒடித்துத் தேய்த்தால் எருமைக்கும் அரிக்கும். "இதைத்தான் எல்லாரும் பூசினோம், துவான்," என்றான் மலாயில். "சேகுதான் உடம்புல காட்டச் சொன்னாரு."

துவான் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பிறகு வரிசையில் சொறியாமல் நின்ற ஒரே பிள்ளையை அவர் கண்டுபிடித்தார். சரசு.

"இவ நல்ல பிள்ளை," என்றார். பையைத் திறந்து, பரிசாக ஒரு கை நிறையக் காய்ந்த இறாலை அவள் உள்ளங்கையில் கொட்டினார். "மாக்கான்!"

தின்னச் சொல்கிறார். எதிரே நின்று பார்த்துக்கொண்டே.

துவான் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னவர்களை ஊரில் யாருக்கும் தெரியாது. சரசு இறாலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கை மெதுவாக வாய்க்குப் போனது.

வாத்தியார்கள் துவானிடம் ஜப்பானிய மொழியில்தான் பேச வேண்டும் என்பது உத்தரவு. என்னிடம் இருந்த ஜப்பானிய மொழி: 'வணக்கம்', 'இது புத்தகம்', 'அது மலை.' மூன்றையும் வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாய்ந்தேன். பிடுங்கினேன். மொத்தத்தையும் வாயில் போட்டு மென்றேன்.

ஏழு தலைமுறைச் சைவம், நாலு கடியில் முடிந்தது.

"பக்கேரோ!" என்றார் துவான். முட்டாளே என்று திட்டும் அது, பாடத்தில் இல்லாமலே ஊர் முழுக்கக் கற்றுக்கொண்ட சொல். கூடவே விழுந்த அறையில் என் கண்ணாடி காதரின் மடியில் போய் விழுந்தது.

அவர் போன பிறகு பெரிய வாத்தியார் மூச்சு விட்டார். "அரிசியை நிறுத்தலை. வாத்தியாரே பிள்ளை கையிலிருந்து பிடுங்கித் தின்கிற அளவுக்குப் பசி போலன்னு பரிதாபப்பட்டாரு."

"என்னைப் பத்தி வேற ஏதாவது?"

"உங்களுக்கும் தினம் ஒரு கிண்ணம் கொடுக்கணுமாம். பெரிய பானையிலிருந்து."

மத்தியானம் சரசு சின்னப் பானைக் கஞ்சியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, நீங்க சைவம் இல்லியா?"

"காலை வரைக்கும்."

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு அது தெரியவே போவதில்லை. உப்பை அவள் பக்கம் தள்ளினேன்.

சாயங்காலம் என் முகம் ஒரு பக்கமாக வீங்கியது. அது அறையினாலா, இறாலினாலா என்று இன்றுவரை நான் சோதித்துப் பார்க்கவில்லை.